ரி-56 என்பது ஒரே துவக்கு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கனடாவில் வேட்டைக்காரர் சிலரிடம் இருக்கும் பழைய சீனத் துப்பாக்கிகளைப் பற்றித் தங்கள் சென்ற வார இதழில் வெளியான கட்டுரையை முழுவதுமாக வாசித்தேன். தமிழில் எவரும் எழுத முன்வராத ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டதற்காகக் கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். ஆயினும் அக்கட்டுரையில் உள்ள இரண்டு தவறுகளைத் திருத்தாமல் விடுவது முறையல்ல என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். எமது ஊரில் போர்க்காலம் முழுவதும் வெடித்துக்கொண்டிருந்த அதே ரி-56 தான் இங்கே கடைகளில் சட்டப்படி விற்கப்பட்டது என்று கட்டுரை கூறுவது முதலாவது தவறு. அத்தகைய பழைய துப்பாக்கியை வாங்கியவர்கள் அதன் மரத்தையும் இரும்பையும் மணற்தாளால் நன்கு தேய்த்து மெருகேற்றினால் அது புதுப்பிறவி எடுக்கும் என்று அறிவுரை கூறுவது இரண்டாவது. இவ்விரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று கருதுகிறேன்; பொருளின் மேனியில் எழுதப்பட்டிருப்பதை வாசிக்காமல், அதற்கு வழங்கும் பெயரை மட்டும் கொண்டு முடிவுக்கு வந்ததால் நேர்ந்தவை அவை.

நான் வன்னியில் பிறந்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஸ்காபரோவில் வாழ்ந்து வருபவன். கனடாவின் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் பெற்று, இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குச் செல்லும் நண்பர்களோடு சேர்ந்து செல்பவன். கட்டுரை குறிப்பிடும் வகையைச் சேர்ந்த சீனத் துப்பாக்கி ஒன்று என்னிடம் உண்டு. ஒரு குளிர்காலம் முழுவதையும் செலவிட்டு அதை இனங்கண்டு சீர்செய்தேன். ரி-56 என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் மனத்தில் எழுவது எது என்பதை உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களும், இரவில் படலை தட்டப்படும் ஓசைக்கு மூச்சை அடக்கியிருந்தவர்களும் அந்தப் பெயரை மறக்கமாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயரைத் தவறான பொருளின் மீது சுமத்தும்போது ஏற்படும் குழப்பம் சிறியதாக இருப்பதில்லை. கட்டுரை வெளியான வாரத்தில், என் வீட்டில் இருப்பது அந்தத் துவக்கா என்று என் சொந்தக்காரர் மூவர் தொலைபேசியில் கேட்டார்கள்.

பெயரில் உள்ள சிக்கல் சீனாவிலேயே தொடங்குகிறது. சோவியத் ஒன்றியத்தின் தொழில்நுட்ப உதவியோடு தன் படைக்கலங்களை ஒரே தரத்துக்குக் கொண்டுவர முயன்ற சீனா, 1956 ஆம் ஆண்டில் பல ஆயுதங்களை ஒருசேர ஏற்றுக்கொண்டது. அந்நாட்டு வழக்கப்படி ஆயுதத்தின் பெயர் அது ஏற்கப்பட்ட ஆண்டைக் கொண்டே அமைந்தது. ஆகவே சிமோனோவ் வடிவமைத்த எஸ்.கே.எஸ். காபைன் எனப்படும் குட்டைத் துப்பாக்கியின் சீனப் படியும் 56 ஆம் வகை, கலாஷ்னிகோவின் ஏ.கே. துப்பாக்கியின் சீனப் படியும் 56 ஆம் வகை, டெக்தியாரேவின் ஆர்.பி.டி. இலகு இயந்திரத் துப்பாக்கியின் படியும் 56 ஆம் வகை. இம்மூன்றும் பயன்படுத்தும் 7.62×39 மில்லிமீற்றர் ரவைக்குங்கூட அதே 56 என்ற பெயர்தான். சீனர்களுக்கு இதில் குழப்பம் ஏற்படுவதில்லை. ஏனெனில் அவர்கள் 56 என்பதோடு நிறுத்தாமல், 'அரைத் தானியங்கித் துப்பாக்கி', 'பாய்ச்சல் துப்பாக்கி', 'இலகு இயந்திரத் துப்பாக்கி' என்ற பொருள் தரும் சொற்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். கடல் கடந்து வந்தபோது பின்பாதி உதிர்ந்துபோய் எண் மட்டும் எஞ்சியது. இலங்கையில் அந்த எண், அரச படையினரும் போராளிகளும் ஏந்திய ஏ.கே. வகைத் துப்பாக்கிக்கு உரியதாயிற்று. வட அமெரிக்காவிலோ அதே எண்ணைத் தாங்கி வந்து குவிந்தது சிமோனோவின் காபைன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சிறுவன்கூட வேறுபாட்டைக் காட்டிவிடுவான். எங்கள் ரி-56 இல் வளைந்த, கழற்றி மாட்டக்கூடிய, 30 ரவை கொள்ளும் ரவைக்கூடு கீழே தொங்கும். விசைக்குப் பின்னால் கைப்பிடி தனியாக இருக்கும். வலப்பக்கத்தில் நீண்ட தகட்டுத் தெரிவு நெம்பு ஒன்று இருக்கும். அதை ஒரு நிலையில் வைத்தால் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை துப்பாக்கி தொடர்ந்து வெடிக்கும். காபைனில் இவை எதுவும் இல்லை. பிடங்கிலிருந்து குழலின் பாதிவரை ஒரே மரம் ஓடுகிறது. 10 ரவை கொள்ளும் ரவைக்கூடு துப்பாக்கியின் வயிற்றோடு சேர்ந்தே இருக்கிறது. அதை மேலிருந்து, ரவைகளைக் கோத்த தகட்டுக் கீற்றின் துணையோடு நிரப்ப வேண்டும். பாதுகாப்பு நெம்பு விசைக்குப் பின்னால் உள்ள சிறிய துண்டு. அதற்கு இரண்டே நிலைகள்தான் உண்டு. குழலின் கீழே மடித்து வைக்கப்பட்ட பயனெற்று எனப்படும் துப்பாக்கிமுனை ஈட்டி ஒன்று, கழற்றப்படாமல், எப்போதும் கூடவே இருக்கும். நீளம் ஏறத்தாழ 1.02 மீற்றர், வெறும் எடை 3.85 கிலோகிராமுக்கு அண்மையில். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு ரவை மட்டும் வெடிக்கும். அடுத்த ரவை தானே அறைக்குள் ஏறி நிற்கும். அதை வெடிக்கச் செய்ய விரலை விட்டு மீண்டும் இழுக்க வேண்டும். 'அரைத் தானியங்கி' என்பதன் பொருள் இவ்வளவே. ரவை ஒன்றேயாதலால், நிலத்தில் கிடக்கும் வெற்றுக் கோதைப் பார்த்து மட்டும் எந்த 56 வெடித்தது என்று ஒரு செய்தியாளர் சொல்லிவிட முடியாது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

செர்கே சிமோனோவ் இரண்டாம் உலகப் போரின்போது 14.5 மில்லிமீற்றர் யுத்தத் தாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியை வடிவமைத்தவர். அதன் உள்ளமைப்பையே சுருக்கிச் சாதாரணப் படைவீரன் ஏந்தக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்ததுதான் எஸ்.கே.எஸ். சோவியத் படையில் அது முறைப்படி இடம்பெற்றது 1949 இல். சில ஆண்டுகளுக்குள்ளேயே ஏ.கே. அதைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டது. சீனாவில் நடந்தது வேறு. பெருந்திரளான காலாட்படைக்கும் ஊர்க்காவல் படைக்கும் குறி தவறாத, எளிதில் பழுதாகாத துப்பாக்கி தேவைப்பட்டதால், அங்கே காபைன் பல மில்லியன் எண்ணிக்கையில் செய்யப்பட்டது. 1962 இல் இமயமலை எல்லையில், .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியோடு நின்ற இந்தியப் படையினர் எதிர்கொண்டவற்றுள் இதுவும் ஒன்று. இதன் இடத்தை நிரப்ப வந்த 63 ஆம் வகைத் துப்பாக்கி தரக்குறைவால் தோல்வியடைந்தபோது, பழைய காபைனையே சீனா தொடர்ந்து சார்ந்திருக்க நேர்ந்தது. வியட்நாம் போரில் வடவியட்நாமியப் படையும் வியட்கொங் போராளிகளும் இதை ஏந்தினார்கள். தொடர்ந்து வெடிக்கும் திறன் இதற்கு இல்லாததால், அமெரிக்கப் படைவீரர் பலர் உரிய கடதாசியோடு இதை நினைவுப்பொருளாக வீட்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்டார்கள்; ஏ.கே. துப்பாக்கிக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. எடுத்துச்சென்ற படைவீரரின் அந்தக் கடதாசி இன்றும் துப்பாக்கியோடு சேர்ந்திருந்தால், சேகரிப்பாளர்களிடையே அதன் மதிப்பு பன்மடங்காகிறது.

இனி, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி எங்கே, எப்போது செய்யப்பட்டது என்பதை எப்படி அறிவது? கட்டுரையாளர் தொடாமல் விட்ட இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே. முதலில் துப்பாக்கியை வெறுமையாக்கி, அறைக்குள் ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின், அதன் இடப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்ப வேண்டும். ரிசீவர் எனப்படும் இரும்பு உடற்பகுதியில், முக்கோணத்துக்குள் அடைத்த ஓர் எண்ணும், 56 என்ற எண்ணோடு 'ஷி' என்று வாசிக்கப்படும் சீன எழுத்தும், பின்னர் தொடர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். 'ஷி' என்றால் வகை அல்லது மாதிரி என்று பொருள். முக்கோணத்துக்குள் 26 இருந்தால், அது சோங்சிங் நகரின் ஜியான்ஷே ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. பிற்காலத்தில் வேறு பல தொழிற்சாலைகளும் தத்தம் எண்களோடும் குறிகளோடும் இதைச் செய்தன. ஆகவே 26 இல்லாத துப்பாக்கியைக் கண்டவுடன் அது போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தொழிற்சாலை 26 இன் தொடர் எண்ணுக்குச் சேகரிப்பாளர்கள் கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. ஏழு அல்லது எட்டு இலக்கம் கொண்ட எண்ணில், கடைசி ஆறு இலக்கங்களை நீக்கிவிட்டு முன்னால் எஞ்சும் எண்ணை 1956 உடன் கூட்டினால் செய்யப்பட்ட ஆண்டு கிடைக்கும். என் துப்பாக்கியின் எட்டு இலக்க எண் 11 இல் தொடங்குகிறது. ஆகவே அது 1967 ஐச் சேர்ந்தது. அந்த ஆண்டை அறிந்தபோது நான் சிறிது நேரம் வேலையை நிறுத்திவிட்டு இருந்தேன். கலாசாரப் புரட்சியின்போது சோங்சிங் நகரில் செங்காவலர் குழுக்கள் ஒன்றையொன்று ஆயுதங்களால் தாக்கிக்கொண்ட ஆண்டு அது. ஆயுதத் தொழிற்சாலைகள் நிறைந்த நகரமாதலால் அங்கே சண்டை சீனாவின் வேறு பல இடங்களைவிடக் கடுமையாக இருந்தது. அதில் இறந்த இளைஞர்கள் பலர் புதைக்கப்பட்ட மயானம் அந்நகரின் சாப்பிங்பா பூங்காவில் இன்றும் இருக்கிறது. ஓர் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அவ்வளவு தூரம் அழைத்துச் செல்கின்றன என்றால், அந்த எண்ணை மணற்தாளால் தேய்க்கச் சொல்பவரோடு நான் எவ்வாறு உடன்பட முடியும்?

எண்ணை உடற்கூறும் உறுதிப்படுத்த வேண்டும். தொடக்க ஆண்டுகளில் செய்யப்பட்டவற்றில் பயனெற்று தட்டையான கத்தி வடிவில் இருந்தது. 1960களின் நடுப்பகுதியில் அது முப்பட்டைக் கூர்ஈட்டியாக மாறியது. குழல் முதலில் மரையால் முறுக்கிப் பொருத்தப்பட்டது. பின்னர் செலவைக் குறைக்க, அழுத்திச் செருகி ஆணியால் நிறுத்தும் முறை வந்தது. விசைக்காப்பு கடைந்தெடுத்த இரும்பிலிருந்து அச்சில் அழுத்திய தகட்டுக்கு மாறியது. ஒரு துப்பாக்கியின் எண் 1958 என்று சொல்ல, அதில் கூர்ஈட்டியும் தகட்டு விசைக்காப்பும் இருந்தால், அது இடையில் எங்கோ உறுப்பு மாற்றப்பட்டது என்று அறியலாம். சோவியத் வல்லுநர்களின் மேற்பார்வையில் 1956 இல் செய்யப்பட்ட முதல் தொகுதியைச் சேகரிப்பாளர்கள் தனியே பிரித்துப் போற்றுவதற்கும் இந்த உடற்கூறே காரணம்.

ரிசீவரில் உள்ள எண், போல்ட் (ரவையை அறைக்குள் தள்ளி மூடும் இரும்புத் துண்டு), போல்ட் தாங்கி, விசைக்காப்பு, ரவைக்கூடு, மரம் ஆகியவற்றிலும் அதே எண்ணாக இருக்கிறதா என்பதையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒத்திருந்தால் அது தொழிற்சாலையை விட்டு வெளியேறிய அதே நிலையில் உள்ளது. ஒத்திராவிட்டால் அது ஒரு வரலாறு, குற்றம் அன்று. ஆனால் ஒத்திராத உறுப்பில் பழைய எண்ணை அரவி அழித்துவிட்டுப் புதிய எண்ணை அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தின் உருவமும் ஆழமும் மற்ற இடங்களோடு பொருந்தாமல் இருப்பதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம். போல்ட் வேறு துப்பாக்கியிலிருந்து வந்ததாயின், வெடிக்கவைக்கும் முன், ரவை உட்காரும் இடைவெளி சரியாக உள்ளதா என்று தகுதிபெற்ற துப்பாக்கித் தொழிலாளியிடம் அளவி கொண்டு பார்த்துக்கொள்வது கட்டாயம். இதில் பணத்தை மிச்சம் பிடிப்பது முகத்தையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

இவை கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980 இல் உருவான நோரின்கோ என்ற சீன அரச நிறுவனமும் வேறு ஏற்றுமதி நிறுவனங்களும், சீனப் படை ஒதுக்கிவைத்த காபைன்களையும், ஏற்றுமதிக்கெனவே செய்யப்பட்டவற்றையும் 1980களின் பிற்பகுதியில் பெருமளவில் அனுப்பின. அமெரிக்காவில் 1994 மே மாதம், சீனாவுக்கான வர்த்தகச் சலுகையை நீடித்த அதே அறிவிப்பில் அதிபர் கிளின்ரன் சீனத் துப்பாக்கி, ரவை இறக்குமதியைத் தடைசெய்தார். கனடாவுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. அதனால் இங்கே வரவு தொடர்ந்தது. அமெரிக்கச் சட்டம் இறக்குமதியாளரின் பெயரையும் ஊரையும் துப்பாக்கியிலேயே பொறிக்கச் சொல்வதால், அந்தப் பொறிப்பும் ஒரு துப்பாக்கி சென்ற பாதையைக் காட்டும் தடயமாகிறது. பார்வைக்கு அழகில்லை என்று அதை அரவி எடுப்பது அறிவுக்கு முரண்.

இப்போது சீரமைப்புக்கு வருகிறேன். கடையிலிருந்து நான் கொண்டுவந்தபோது அது துப்பாக்கியாகத் தெரியவில்லை. பழுப்பு நிறக் கிறீஸில் தோய்த்தெடுத்த கட்டையாகத் தெரிந்தது. கொஸ்மொலின் என்று பொதுவாக அழைக்கப்படும் அந்தக் கிறீஸ்தான் இத்தனை ஆண்டுகளும் துருவிடமிருந்து அதைக் காத்தது என்பதால், அதன் மீது கோபப்படுவதற்கில்லை. ஆனால் ஒரு துளியும் எஞ்சாமல் அதை எடுத்தாக வேண்டும். இரும்புப் பகுதிகளைக் கழற்றி, மினரல் ஸ்பிரிற்றில் ஊறவைத்து, நைலோன் தூரிகையால் தேய்த்தால் அது கரைந்துவிடும். தீப்பற்றும் திரவமாதலால் வீட்டுக்குள், அடுப்புக்கோ வெப்பக் கருவிக்கோ அருகில் இதைச் செய்யக் கூடாது. மரத்துக்குள் ஊறிய கிறீஸுக்கு வெப்பமே மருந்து. கோடை வெயிலில் கறுப்பு நெகிழிப் பைக்குள் மரத்தை வைத்தால் அது வியர்ப்பதுபோல் கிறீஸைக் கக்கும். துடைத்துத் துடைத்து மீண்டும் வைக்க வேண்டும். எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன.

எல்லாவற்றிலும் முக்கியமாக, இதுவரை தமிழில் எவரும் எழுதி நான் காணாத ஓர் எச்சரிக்கையை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறேன். ரவையின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கச் செய்யும் ஊசி, இந்தச் சீனக் காபைன்களில், போல்டுக்குள் சுருள்வில் இல்லாமல் தளர்வாக ஓடும்படி அமைந்துள்ளது. அதன் துளைக்குள் பழைய கிறீஸ் இறுகிக் கிடந்தால் ஊசி முன்னால் நீட்டியபடியே சிக்கிக்கொள்ளும். அந்த நிலையில் ரவையை ஏற்றி போல்டை விட்டால், விசையைத் தொடாமலே, போல்ட் மூடும் அதிர்விலேயே ரவை வெடிக்கலாம். ஒன்றோடு நிற்காமல் உள்ளே இருக்கும் ரவைகள் எல்லாம் அடுத்தடுத்து வெடிக்கவும் கூடும். ஆகவே போல்டைக் கழற்றி, நிறுத்தாணியைத் தட்டி எடுத்து, ஊசியையும் அதன் துளையையும் முற்றாகச் சுத்தம்செய்து, எண்ணெய் பூசாமல் உலரவைத்தே பொருத்த வேண்டும். பொருத்திய பின் போல்டைக் காதருகே பிடித்து ஆட்டினால், உள்ளே ஊசி முன்னும் பின்னும் ஓடும் 'கலகல' ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மீண்டும் கழற்ற வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யத் தெரியாதவர், வெளியழகில் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், துப்பாக்கியைத் தொழிலாளியிடம் கொடுத்துவிடுவதே தக்கது.

குழலைப் பொறுத்தவரை சீனர் செய்த நற்செயல் ஒன்று உண்டு: பெரும்பாலான காபைன்களின் குழலுக்குள் அவர்கள் குரோம் பூசினார்கள். அக்காலத்துப் படைத்துறை ரவைகளின் தீமூட்டிக் கலவையில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்தபின் எஞ்சும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெயால் அந்த உப்பைக் கரைக்க முடியாது, நீரால்தான் முடியும். குரோம் பூச்சு குழலைக் காக்கிறது. ஆனால் வெடிவாயு செல்லும் மேற்குழாயின் உட்புறம் அந்தக் காப்பு இல்லாமல் துருவேறும். என் துப்பாக்கியில் குழல் கண்ணாடிபோல் இருந்தது. வாயுக் குழாயின் உட்புறமோ பழைய தகரக்கொட்டகை போல் இருந்தது. பழைய ரவையைப் பயன்படுத்துவோர், சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி, பின்னர் மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் மறுநாளே துரு தெரியும்.

மேற்பரப்புத் துருவை மிக மெல்லிய இரும்புக் கம்பளியும் எண்ணெயும் கொண்டு, கருமைப் பூச்சு கலையாதபடி, பொறுமையாக எடுக்கலாம். செம்பழுப்பு நீங்கியதும் கையை நிறுத்திவிட வேண்டும். போல்ட் தாங்கியைச் சீனர் பெரும்பாலும் கருமை பூசாமல் வெள்ளை இரும்பாகவே விட்டார்கள். அது குறை என்று எண்ணிக் கறுப்பாக்குவது தவறு. மரத்தில் உள்ள பள்ளங்களுக்கு மணற்தாள் தேவையே இல்லை. ஈரத்துணியை மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான ஸ்திரிக்கைப் பெட்டியின் முனையால் சற்றே தொட்டால், எழும் ஆவியில் நசுங்கிய நார்கள் விரிந்து மேலெழும். என் துப்பாக்கியின் பிடங்கில் இருந்த பெரிய பள்ளங்கள் மூன்றில் இரண்டு இவ்வாறே மறைந்தன. மூன்றாவதில் நார் அறுந்திருந்தது. அதை அப்படியே விட்டேன். பூச்சு முற்றாக உதிர்ந்த இடங்களில் மட்டும் துங் எண்ணெயை விரலால் மெல்லத் தேய்த்தேன். தொழிற்சாலையின் செம்மஞ்சள் பூச்சு எஞ்சியிருந்த இடங்களில் கை வைக்கவில்லை.

மணற்தாளின் விளைவை நான் நேரில் கண்டவன். என் நண்பர் ஒருவர் எல்லா எண்களும் ஒத்த, கத்திப் பயனெற்று உள்ள காபைன் ஒன்றை வைத்திருந்தார். அதைப் புதுப்பிப்பதாகச் சொன்ன ஒருவரிடம் ஒப்படைத்தார். இரண்டு வாரங்களின் பின் திரும்பி வந்தபோது மரம் உணவுமேசைபோல் பளபளத்தது. மரத்தில் பொறித்திருந்த தொடர் எண் போய்விட்டது. தொழிற்சாலைப் பரிசோதகர் அடித்த சிறு முத்திரைகள் போய்விட்டன. இரும்பைச் சக்கரத்தில் மெருகேற்றியதால் ரிசீவரின் முக்கோணத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக எஞ்சியிருந்தது. என் நண்பர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த முத்திரைகளை உலகின் எந்தத் தொழிலாளியாலும் திருப்பித் தர முடியாது. தங்கள் கட்டுரையைப் படித்த எவரேனும் இதே தவறைச் செய்துவிடுவாரோ என்ற அச்சமே இவ்வளவு விரிவாக எழுதத் தூண்டியது.

சட்டம் பற்றியும் கட்டுரை மேலோட்டமாகவே கூறியதால் சில வரிகள். கனடாவில் பயிற்சி நெறியை முடித்து அனுமதிப்பத்திரம் பெறாமல் எந்தத் துப்பாக்கியையும் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. 2022 மே மாதத்திலிருந்து, வாங்குபவரின் அனுமதிப்பத்திரத்தைப் பதிவாளரிடம் சரிபார்த்து, அதற்கான எண்ணைப் பெற்ற பின்னரே விற்க முடியும். இவ்வகைத் துப்பாக்கியின் ரவைக்கூடு 5 ரவைக்கு மேல் கொள்ளாதபடி ஆணியிட்டு அடைக்கப்பட்டிருக்க வேண்டும். மூல நிலைக்கு மீட்பதாகச் சொல்லி அந்த ஆணியை அகற்றுவது குற்றம். சீரமைப்பில் ஈடுபடுவோர் சிலர் இதில்தான் சறுக்குகிறார்கள். பயன்படுத்தாத வேளையில் ரவை இல்லாமல், பூட்டி வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டமே. நோவா ஸ்கோஷியாப் படுகொலைக்குப் பின் 2020 மே 1 ஆம் திகதி 1,500 க்கும் மேற்பட்ட துப்பாக்கி மாதிரிகள் தடைசெய்யப்பட்டபோது எஸ்.கே.எஸ். அப்பட்டியலில் இருக்கவில்லை. 2022 நவம்பரில் சி-21 என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமூலத்துக்கு முன்வைக்கப்பட்ட திருத்தத்தில் அது சேர்க்கப்பட்டது. முதற்குடி மக்கள் பேரவை உட்படப் பலர் எதிர்த்ததால் 2023 பெப்ரவரியில் அத்திருத்தம் மீளப் பெறப்பட்டது. வடபகுதிகளில் உணவுக்காக வேட்டையாடும் முதற்குடி மக்கள் பலர், விலை குறைவு என்பதாலும் கடுங்குளிரிலும் நின்றுபிடிக்கும் என்பதாலும் இதையே நம்பியிருக்கிறார்கள். மறுபுறம், 2022 ஒக்ரோபரில் ஒன்ராறியோவின் இனிஸ்ஃபில் நகரில் பொலிஸ் அதிகாரிகள் இருவரின் உயிரைப் பறித்ததும் ஓர் எஸ்.கே.எஸ். தான். இவ்விரண்டில் எதையும் மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இதைத் தடைசெய்ய வேண்டுமா என்று எம் சமூகம் விவாதிக்கட்டும்; ஆனால் விவாதிக்கப்படும் பொருள் எது என்று தெரிந்துகொண்டு விவாதிக்கட்டும். வன்னியில் எம்மைச் சுட்ட துவக்கு என்று நினைத்துக்கொண்டு ஒரு வேட்டைக்காரரின் காபைனைப் பற்றிப் பேசுவதால், அந்த வேட்டைக்காரருக்கும் நீதி கிடைக்காது. எம்முடைய இழப்புக்கும் அது மரியாதை ஆகாது.

கட்டுரையோடு வெளியான படத்திலும் இதே தவறு உள்ளது. படத்தில் இருப்பது வளைந்த ரவைக்கூடு கொண்ட ஏ.கே. வகை, கட்டுரை பேசுவதோ காபைனைப் பற்றி. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது 'ரி-56' என்று மட்டும் எழுதாமல், '56 ஆம் வகைக் காபைன்' என்றோ 'சீன எஸ்.கே.எஸ்.' என்றோ குறிப்பிடுமாறும், இனிமேல் இலங்கைச் செய்திகளில் 'ரி-56' என்று வரும் இடங்களில் அது ஏ.கே. வகை என்பதை ஒருமுறையேனும் சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். மணற்தாள் பற்றிய அறிவுரையையும் அதே திருத்தத்தில் மீளப் பெறுவீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பயன்பாட்டுக்காக என் துப்பாக்கியின் இடப்பக்கத் தோற்றம், முக்கோண முத்திரை, மரத்திலுள்ள எண், கழற்றிய போல்டும் ஊசியும் ஆகியவற்றின் படங்கள் நான்கை இத்துடன் இணைத்துள்ளேன். தொடர் எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களை மட்டும் மறைத்திருக்கிறேன். முதல் இரண்டும் தெளிவாகத் தெரியும்படி விட்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
நீண்டகால வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.